நவாபின் கடனும் திருநெல்வேலிச் சீமையும்

போர்க்காலத்தில் கஜானா வற்றியதும் அரசு கடன் வாங்குவது எல்லா நாடுகளிலும் நடந்த ஒன்று. எந்த நம்பிக்கையில் அந்தக் கடன் கொடுக்கப்பட்டது, எது ஈடாகக் கேட்கப்பட்டது என்பதைப் பொறுத்தே நாடுகளின் கதி மாறியது. தமிழ்நாட்டில் இதற்குக் கிடைக்கும் மிகப் பெரிய சான்று ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் கடன். 1749இல் தொடங்கி 1795இல் அவர் இறக்கும்வரை வளர்ந்த இந்தக் கடன் லண்டன் நாடாளுமன்றத்தில் விவாதப் பொருளானது. சென்னை கவர்னர் ஒருவரைச் சிறையில் தள்ளியது. தஞ்சாவூர் வயல்களையும் தாமிரபரணிப் பாசனத்தையும் அடமானப் பொருளாக்கியது. கடைசியில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையின் வாசலில் வந்து நின்றது. கட்டபொம்மன் கதையைக் கப்பத்தில் தொடங்குவதே வழக்கம். அந்தக் கப்பத்தைக் கேட்கும் உரிமை கம்பெனியின் கைக்கு எப்படிப் போனது என்பது கடன் கணக்கைப் பார்த்தால்தான் விளங்கும்.

கடனுக்கு ஈடு என்ன என்ற கேள்விக்கு இங்கிலாந்து அரை நூற்றாண்டு முன்பே ஒரு விடை கண்டிருந்தது. 1694இல் பிரான்சுடன் நடந்த போரில் பணம் தீர்ந்துபோன வில்லியம் மன்னரின் அரசு 12 லட்சம் பவுண்டை 8 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கியது. கொடுத்தவர்கள் சேர்ந்து அமைத்ததே இங்கிலாந்து வங்கி. வட்டிக்கென்று கப்பல்கள் மீதும் மதுவகைகள் மீதும் விதித்த வரிகளை நாடாளுமன்றம் சட்டம் போட்டு ஒதுக்கியது. கடன் மன்னரின் சொந்தக் கடனாக இல்லாமல் நாட்டின் கடனாயிற்று. வரியை வசூலித்ததும் அரசுதான், கடன் கொடுத்தவன் அறுவடைக் களத்துக்கு வரவில்லை. 1750களில் அதே அரசுக்கு 3 சதவீத வட்டிக்குக் கடன் கிடைத்தது. முகமது அலி கடன் வாங்கத் தொடங்கிய காலமும் அதுவே. அவர் கொடுத்த வட்டி தொடக்கத்தில் 30 முதல் 36 சதவீதம்.

1749இல் ஆம்பூர்ப் போரில் தந்தை அன்வருதீன் கொல்லப்பட்டபோது முகமது அலியிடம் எஞ்சியது திருச்சிராப்பள்ளிக் கோட்டையும் ஆங்கிலேயக் கம்பெனியின் ஆதரவும்தான். சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் எதிரில் நின்றார்கள். கம்பெனி அனுப்பிய ஒவ்வொரு படையின் செலவும் நவாபின் பேரில் கடனாக எழுதப்பட்டது. 1752இல் சந்தா சாகிபு கொல்லப்பட்டார். 1763இல் பாரிஸ் உடன்படிக்கை முகமது அலியைக் கர்நாடகத்தின் முறையான நவாப் என்று ஏற்றது. பட்டம் உறுதியானபோது கடனும் உறுதியாகிவிட்டது. செங்கற்பட்டுப் பகுதியை ஜாகீராகக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தும் பாக்கி தீரவில்லை.

தெற்கே திருநெல்வேலியும் மதுரையும் இந்தப் பாக்கியின் பெயரில்தான் முதலில் கம்பெனிப் படையைக் கண்டன. 1755இல் கர்னல் ஹெரான் தலைமையில் ஒரு படையும், நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் வரி தண்ட வந்தார்கள். இரண்டு சீமைகளையும் ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய்க்கு மாபூஸ்கானிடம் குத்தகைக்கு விட்டுவிட்டு ஹெரான் திரும்பினார். நெற்கட்டுஞ்செவலில் பூலித்தேவன் கொடுக்க மறுத்தார். மாபூஸ்கானால் குத்தகைப் பணத்தைச் சேர்க்க முடியவில்லை. அவருக்குப் பின் அதே சீமைகளைக் குத்தகை எடுத்த யூசுப்கான் நன்றாக வசூலித்தார். ஆனால் நவாபோடும் கம்பெனியோடும் பகைத்துக்கொண்டு 1764இல் மதுரையில் தூக்கிலேறினார். தென்சீமையின் வருமானம் பெரியது, அதைத் தண்டுவது கடினம் என்பது அந்தப் பத்தாண்டிலேயே தெரிந்துவிட்டது.

கடற்கரை வருமானம் வேறு வகை. தூத்துக்குடி 1658 முதல் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. மன்னார் வளைகுடாப் பார்களில் முத்துச் சலாபம் நடக்கும் ஆண்டில் பரதவர் குளிகாரர்களும் வியாபாரிகளும் கூடிக் கரையே சந்தையாகும். சில வாரங்களில் பெருந்தொகை சேரும். அதில் நவாபுக்கு எவ்வளவு, டச்சுக் கம்பெனிக்கு எவ்வளவு என்ற வழக்கு நெடுங்காலம் ஓடியது. ஆனால் முத்துச்சிப்பி ஆண்டு தவறாமல் விளைவதில்லை. பார்களில் சிப்பி இல்லாமல் பத்து இருபது ஆண்டுகள் கழிவதும் உண்டு. அப்படிப்பட்ட வருமானத்தை நம்பி எந்தச் சவுக்காரும் கடன் கொடுக்கமாட்டான். ஆகவே கடன்காரர்களின் கண் கடலைவிட்டு நிலத்துக்குத் திரும்பியது. ஆண்டுதோறும் காரும் பிசானமும் விளைந்த தாமிரபரணி நஞ்சைகள் அவர்களுக்குப் போதுமான ஈடாகத் தெரிந்தன.

1760களில் கடனின் தன்மை மாறியது. கம்பெனிக்குக் கட்ட வேண்டிய தொகைக்காக நவாப் வேறிடத்தில் கடன் வாங்கினார். அந்த வேறிடம் கம்பெனியின் சொந்த ஊழியர்கள்தான். சென்னைக் கோட்டையில் ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு சம்பளம் வாங்கிய எழுத்தர்களும் கவுன்சில் உறுப்பினர்களும் தனிப்பட்ட முறையில் நவாபுக்குக் கடன் கொடுத்தார்கள். முதலீட்டில் ஒரு பகுதி துபாஷிகளும் சவுக்கார்களும் திரட்டிக் கொடுத்தது. அந்தப் பணத்தால் நவாப் கம்பெனியின் தவணையைக் கட்டுவார். லண்டன் இயக்குநர்கள் மகிழ்வார்கள். தனியார் கடன் ஏறும். வட்டி கட்ட முடியாத ஆண்டில் அதை அசலோடு சேர்த்துப் புதுப் பத்திரம் எழுதப்படும். கம்பெனியின் பாக்கியைக் கறாராகக் கேட்க வேண்டிய அதிகாரியே நவாபின் கடன்காரனாகவும் இருந்ததால், கம்பெனிக்கு முன் தன் பணம் வந்து சேர வேண்டும் என்பதே அவன் கவலையாயிற்று. நவாப் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிச் சென்னையிலேயே தங்கியதும் இதற்குத் தோதாக அமைந்தது. காசு கைமாறாமல் எழுதப்பட்ட பத்திரங்களும் உண்டு. அவை ஆதரவு தேடிக் கொடுத்த கையூட்டுகள். வெளிப்படையாகக் கொடுக்க முடியாததைக் கடன் என்ற பெயரில் கொடுத்தார்கள்.

ஈடாகக் கொடுக்கப்பட்டது தன்கா. ஒரு தாலுகாவின் அல்லது சீமையின் வரவிருக்கும் கிஸ்தியைக் குறிப்பிட்ட கடன்காரனே வசூலித்துக்கொள்ளலாம் என்று நவாப் எழுதிக் கொடுக்கும் உத்தரவு அது. தன்கா கிடைத்ததும் கடன்காரன் தன் ஆளை அந்தச் சீமைக்கு மேலாளனாக அனுப்புவான். அவனுக்கு அங்கே நீடித்த உரிமை எதுவும் கிடையாது. இரண்டு போகத்துக்குள் அசலையும் வட்டியையும் எடுத்துவிட்டுப் போய்விட வேண்டும். ஆகவே களத்தில் நெல் குவிந்த உடனே அதைப் பிடிப்பான். விலை தாழ்ந்திருக்கும்போதே விற்கச் சொல்லுவான். கட்ட முடியாத குடியானவன் அதே ஆளிடம் இன்னும் கடுமையான வட்டிக்குக் கடன் எழுதுவான். குளம் தூர்ந்தால் அவனுக்கு என்ன, கால்வாய் உடைந்தால் அவனுக்கு என்ன. ஆற்றுப் பாசனமும் குளத்துப் பாசனமும் மராமத்தை நம்பி வாழ்பவை. மராமத்துக்குச் செலவிட வேண்டிய பணம் சேப்பாக்கத்தின் வட்டிக்கு ஓடியபோது சீமையின் விளைச்சலே இளைத்தது. நவாபின் கடனில் மிகக் கொடுமையான பகுதி வட்டி விகிதம் என்று நினைப்பது இயல்பு. அதைவிடக் கொடுமை இந்தத் தன்கா. வரி தண்டும் உரிமையே கைமாறும்போது குடிகளைக் காக்க வேண்டியவன் யார் என்ற கேள்விக்கு விடையில்லாமல் போகிறது.

கடன் ஏறிய அளவைப் பத்திரக் கணக்குகளே காட்டுகின்றன. 1767இல் பழைய பத்திரங்களை எல்லாம் ஒன்று சேர்த்து 10 சதவீத வட்டியில் 8,80,000 பவுண்டாக எழுதினார்கள். 1777இல் வந்தது குதிரைப்படைக் கடன். சம்பள பாக்கி நின்ற தம் குதிரைப்படையைக் கணக்குத் தீர்த்துக் கலைக்க நவாபுக்கு ரொக்கம் தேவைப்பட்டது. சென்னையின் ஆங்கிலேயர் மூவர் 4 லட்சம் வராகனுக்கு, அதாவது 1,60,000 பவுண்டுக்குப் பொறுப்பேற்று, அதற்கு ஈடாகச் சீமைகளின் வருமானத்தை எழுதி வாங்கினார்கள். வருமானத்தை உடனே பிடித்துக்கொண்டவர்கள் படைக்குக் கொடுக்க வேண்டியதை இழுத்தடித்தார்கள். பாக்கி தீர இரண்டு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அதே 1777இல் இன்னொரு தொகுப்புக் கடன் 24 லட்சம் பவுண்டாக முளைத்தது. பத்தே ஆண்டில் இத்தனை பணம் சென்னையில் யாரிடம் இருந்தது, எதற்காக நவாபுக்குக் கொடுக்கப்பட்டது என்பதற்கு யாரும் கணக்குக் காட்டவில்லை.

இந்தக் கடன்காரர்களில் பெயர் பெற்றவர் பால் பென்ஃபீல்டு. 1764இல் கம்பெனியின் கட்டடப் பொறியாளராகச் சென்னைக்கு வந்தவர். 1773இல் நவாப் கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சாவூரைப் பிடித்து மன்னர் துளஜாவைச் சிறைவைத்தார். அந்தப் படையெடுப்பின் பின்னணியிலும் கடன்காரர்களின் பசி இருந்தது; காவிரிப் படுகையின் விளைச்சல் புதிய ஈடாகக் கிடைத்தது. லண்டன் இயக்குநர்கள் தஞ்சாவூரைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டு பிகட் பிரபுவைக் கவர்னராக அனுப்பினார்கள். 1776இல் துளஜா மீண்டும் அரியணை ஏறியதும் பென்ஃபீல்டு ஏறத்தாழ 2,34,000 பவுண்டுக்கு உரிமை கோரினார். தஞ்சாவூரின் நெல் தனக்கு அடமானம் என்றார். பிகட் ஏற்கவில்லை. கவுன்சிலில் பெரும்பான்மையினர் நவாபின் கடன்காரர்கள் பக்கம் நின்றார்கள். 1776 ஆகஸ்ட் 24 அன்று கவர்னரையே கைது செய்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் பிகட் காவலில் இருந்தபடியே இறந்தார்.

இதே காலத்தில் கம்பெனியும் ஒரு நிதி நெருக்கடியில் சிக்கி மீண்டது என்பது ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கது. 1772 ஜூனில் லண்டனில் அலெக்சாந்தர் ஃபோர்டைஸ் என்பவரின் வங்கி நொடிந்து கடன் சந்தை உறைந்தது. வங்காளப் பஞ்சத்தாலும் போர்ச் செலவாலும் தள்ளாடிய கம்பெனி பிரிட்டிஷ் அரசிடம் கையேந்தியது. 14 லட்சம் பவுண்டு கடன் 4 சதவீத வட்டிக்குக் கிடைத்தது. அதற்கு விலையாக 1773இன் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கம்பெனியின் இந்திய ஆட்சி மேல் நாடாளுமன்றம் கைவைத்தது அப்போதுதான். கடன் கொடுத்தவன் வாங்கியவன் வீட்டுக்குள் நுழைவது இரண்டு இடத்திலும் நடந்திருக்கிறது. ஆனால் அங்கே நுழைந்தது சட்டமன்றம். நடவடிக்கை பதிவானது, வட்டி குறைவாக இருந்தது. இங்கே நுழைந்தவர்கள் தனியாட்கள்; 12 சதவீதம்கூட இரக்கத்தின் விகிதமாகக் கருதப்பட்டது.

1780இல் ஹைதர் அலி கர்நாடகத்துக்குள் இறங்கி பொள்ளிலூரில் கம்பெனிப் படையை அழித்தார். நாடு எரிந்தது, பஞ்சம் தொடர்ந்தது, நவாபிடம் ஒன்றும் தேறவில்லை. 1781 டிசம்பர் 2 அன்று கவர்னர் மெக்கார்ட்னியோடு செய்த உடன்பாட்டில் நவாப் தம் சீமைகள் முழுவதன் வருமானத்தையும் ஐந்து ஆண்டுக்குக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். ஆறில் ஒரு பங்கு மட்டும் அவர் குடும்பத்துக்கு. தன்காவை ஏலம் விட்டவர் இப்போது நாட்டையே தன்காவாக எழுதிக் கொடுத்தார்.

திருநெல்வேலிக்குக் கம்பெனியின் கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். பாளையக்காரர்களின் பாக்கியைத் தண்ட 1783 ஆகஸ்டில் கர்னல் ஃபுல்லார்டன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். கோட்டைக்குள் கிடைத்த பொருட்களில் கொழும்பு டச்சு அரசுக்கும் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரருக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின் ஆவணமும் ஒன்று. தூத்துக்குடியை முந்திய ஆண்டே ஆங்கிலேயர் பிடித்திருந்தார்கள். 1785இல் திருப்பிக் கொடுத்தார்கள். துறைமுகத்தை வைத்திருந்த டச்சுக்காரரும் உள்நாட்டுப் பாதைகளையும் காவலையும் வைத்திருந்த பாளையக்காரரும் கைகோத்தது வியப்புக்குரியதன்று. இருவருக்குமே நவாபின் பேரில் வரும் ஆங்கிலேய வசூல் பொதுப் பகை.

லண்டனில் 1784ஆம் ஆண்டுச் சட்டம் நவாபின் கடன்களை விசாரிக்கச் சொன்னது. விசாரணை நடக்கவில்லை. புதிதாக அமைந்த கட்டுப்பாட்டு வாரியத்தின் ஹென்றி டண்டாஸ் மூன்று தொகுப்புக் கடன்களையும் அப்படியே ஏற்று, ஆண்டுக்கு 12 லட்சம் வராகன், அதாவது 4,80,000 பவுண்டு, கர்நாடக வருமானத்திலிருந்து கடன்காரர்களுக்குக் கொடுக்க உத்தரவிட்டார். வசூலும் நவாபிடமே திரும்பியது. அதைச் செய்ய மனமில்லாமல் மெக்கார்ட்னி பதவி விலகினார். 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் பேசிய நீண்ட பேச்சு இந்த உத்தரவைப் பற்றியதுதான். நவாபிடம் சம்பாதித்த பணத்தால் நாடாளுமன்ற இருக்கைகள் வாங்கப்பட்டதையும், அந்த இருக்கைகளின் ஆதரவுக்காகவே விசாரணை கைவிடப்பட்டதையும் அவர் பெயர் சொல்லிக் குற்றம்சாட்டினார். பென்ஃபீல்டே 1780இல் கிரிக்லேடு தொகுதியின் உறுப்பினர் ஆகியிருந்தார். பர்க் ஆதரித்துப் பேசிய தீர்மானம் தோற்றது. தமிழ்நாட்டு ஏரிகளையும் குளங்களையும் அவற்றைக் கட்டிய மன்னர்களின் அக்கறையையும் ஓர் ஐரோப்பிய அவையில் அவ்வளவு விரிவாக எடுத்துச்சொன்ன பேச்சு அதற்கு முன் இல்லை என்றே கொள்ளலாம்; அதனால் இங்கே ஒரு மடைகூடச் சீராகவில்லை என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியது.

மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1790இல், வசூல் மறுபடியும் கம்பெனி கைக்கு வந்தது. போர் முடிந்ததும் 1792 ஜூலையில் கார்ன்வாலிஸ் செய்த உடன்படிக்கை ஒவ்வொரு தொகையையும் எழுதி வைத்தது. படைச் செலவுக்கு ஆண்டுக்கு 9 லட்சம் வராகன். தனியார் கடன்காரர்களுக்கு 6,21,105 வராகன். பாளையக்காரர்களின் கப்பத்தைக் கம்பெனியே நேராகத் தண்டிக்கொள்ளும். அந்தக் கணக்கில் 2,64,704 வராகன் நவாபின் பாக்கியில் கழிக்கப்படும். கப்பம் வாங்குவது அதுவரை அரசுரிமையின் அடையாளம். இந்த ஒரு பிரிவால் அது கடன் கணக்கின் ஒரு வரவு இனமாயிற்று. வறட்சி, உள்ளூர் வழக்கம், நயம் என்று தவணை தள்ளிப் பேசிய பழைய முறைக்கு அதில் இடமில்லை.

1795இல் தூத்துக்குடி மறுபடி ஆங்கிலேயர் வசமாயிற்று. அதே ஆண்டு முகமது அலி இறந்தார். கவர்னர் ஹோபார்ட் குதிரைப்படைக் கடனின் பாக்கியைக் காரணம் காட்டித் திருநெல்வேலிச் சீமையை எடுத்துக்கொள்ள முனைந்தார். கவர்னர் ஜெனரல் ஜான் ஷோர் உடன்படிக்கையை மீறுவதாகும் என்று தடுத்தார். பதினெட்டு ஆண்டுக்கு முன், கலைக்கப்பட்ட ஒரு படையின் சம்பளத்துக்காக வாங்கிய கடன் ஒரு முழுச் சீமையின் விலையாகக் கேட்கப்பட்டது.

வீரபாண்டிய கட்டபொம்மன் பேரில் 1798 மே இறுதியில் எழுதப்பட்ட பாக்கி 3,310 வராகன். நவாபின் கடன்காரர்களுக்கு ஓராண்டில் ஒதுக்கப்பட்ட தொகையில் இது ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு. இந்தச் சிறு தொகைக்காகக் கலெக்டர் ஜாக்சன் அவரை ஊர் ஊராக அலையவிட்டு இராமநாதபுரத்தில் சந்தித்ததும், அங்கே கலகம் மூண்டதும், 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டதும் தெரிந்த வரலாறு. 1801இல் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து கோட்டையை மறுபடி எழுப்பினார்; பாளையக்காரர் படை தூத்துக்குடியையும் சில காலம் பிடித்தது. மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி விழுந்தது. இரண்டே மாதத்தில், ஜூலை 31 அன்று, புதிய நவாப் அசீமுத்தௌலா ஐந்தில் ஒரு பங்கு வருமானத்தைப் பெற்றுக்கொண்டு கர்நாடகத்தின் ஆட்சியைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். திப்புவோடு நவாப் குடும்பம் இரகசியக் கடிதத் தொடர்பு வைத்திருந்தது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். வசூல் உரிமை போய், படை போய், கப்பமும் போன பிறகு எடுத்துக்கொள்ள எஞ்சியிருந்தது பட்டம் மட்டும்தான்.

ஆட்சி மாறியும் கடன் முடியவில்லை. டண்டாஸ் விசாரிக்காமல் ஏற்ற பழைய கடன்கள் தீர்ந்துகொண்டிருந்தபோதே புதிய பத்திரங்கள் குவிந்தன. 1805 ஜூலையில் கம்பெனி கடன்காரர்களோடு ஓர் ஒப்பந்தம் செய்து, ஆண்டுக்கு 3,40,000 வராகன் ஒதுக்கி, லண்டனிலும் சென்னையிலும் ஆணையர்களை நியமித்தது. ஒவ்வொரு பத்திரமும் முதல் முறையாகச் சோதிக்கப்பட்டது. அந்தப் பணி ஏறத்தாழ 25 ஆண்டு நீடித்தது. வந்த கோரிக்கைகள் 3 கோடி பவுண்டுக்கு மேல். உண்மையென்று ஏற்கப்பட்டது 27 லட்சத்துக்கும் குறைவு. பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. பென்ஃபீல்டு இதன் முடிவைப் பார்க்கவில்லை. 1810இல் பாரிசில் வறுமையில் இறந்தார்.

இந்தச் சோதனை 1784இல் நடந்திருந்தால், பழைய கடன்களிலும் எவ்வளவு பொய் என்று தெரிந்திருக்கும். அதற்குள் அவை தஞ்சாவூரும் திருநெல்வேலியும் விளைவித்த நெல்லிலிருந்து வட்டியோடு கொடுக்கப்பட்டுவிட்டன. ஆணையர்கள் விசாரித்தது கடன் கொடுத்தவர்களின் கோரிக்கைகளை மட்டுமே. பொய்ப் பத்திரத்தின் பேரில் குடிகளிடம் வசூலித்ததைத் திருப்பித் தருவது அவர்களுடைய வேலையாக இருக்கவில்லை. அப்படி ஓர் ஆணையம் பின்னரும் அமைக்கப்படவில்லை.